பாடி நடித்தவர்கள் – 14: காதருகே வந்த குரல்

சென்ற அத்தியாயத்தை 1933 டிசம்பர் 2ஆம் தேதியில் நிறுத்தியிருந்தோம். செங்கோட்டை கிட்டப்பா கண்ணை மூடிய நாள். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசையில் மண்தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவரின் காது வரைக்கும் போய்ச் சேர்ந்த குரல் அவருடையது. ஐந்து கட்டைக்கு மேல் எட்டிப் பிடிக்காத ஒருவருக்கு அன்றைய தமிழ் நாடக மேடையில் ராஜபார்ட் கிடைப்பது அரிது. பாட்டு என்றால் எட்ட வேண்டும். எட்டாத பாட்டைக் கேட்க ஆளில்லை.

அதே 1933இல், கல்கத்தாவின் டாலிகஞ்ச் பகுதியில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் இதற்கு நேர் மாறான ஒன்று நடந்துகொண்டிருந்தது. இருபத்தொன்பது வயதுப் பஞ்சாபி இளைஞர் ஒருவர் மைக்குக்கு முன்னால் நின்று, பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிற அளவுக்கே குரலெழுப்பிப் பாடிக்கொண்டிருந்தார். கட்டை குறைவு. கார்வை அதிகம். எந்த உஸ்தாதிடமும் முறையாகக் கற்றவர் அல்ல. அடுத்த பதினான்கு ஆண்டுகளுக்குள் இந்தியாவின் பாட்டு முறையையே அந்தக் குரல் மாற்றிவைத்தது.

அவர் குந்தன்லால் சைகல். இந்தத் தொடரில் இதுவரை தமிழ் மேடையைச் சுற்றியே வந்தோம். இந்த வாரம் கல்கத்தாவுக்குப் போயாக வேண்டும். பாடி நடித்தவர்களின் காலம் ஏன் முடிந்தது என்ற கேள்விக்கு விடையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

டைப்ரைட்டர் விற்றவர்

சைகல் 1904 ஏப்ரலில் ஜம்முவில் பிறந்தார். தந்தை அமர்சந்த், காஷ்மீர் மன்னரின் அரசில் தாசில்தார். தாய் கேசர்பாய்க்குப் பக்திப் பாட்டில் ஈடுபாடு. பஜனை நடக்கிற இடத்துக்கெல்லாம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். ஊர் ராம்லீலாவில் சிறுவன் குந்தன் சீதை வேடம் கட்டிப் பாடினான். சூஃபி பெரியவர்களின் தர்காக்களிலும் அவன் காது பழகியது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. ரயில்வேயில் நேரம் குறிப்பவராகக் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு ரெமிங்டன் கம்பெனியின் டைப்ரைட்டர்களை விற்கும் வேலை. ஊர் ஊராகச் சுற்ற வேண்டிய பிழைப்பு அது. லாகூர், கல்கத்தா என்று போகிற இடத்தில் நண்பர்கள் கூடினால், ராத்திரியில் ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டு பாடுவார்.

அவருடைய பயிற்சி இவ்வளவுதான். கொட்டகை இல்லை, ராஜபார்ட் இல்லை, கடைசி வரிசை ரசிகர் என்று யாரும் இல்லை. ஒரு சின்ன அறை, நாலைந்து நண்பர்கள். அந்த அறைக்கு எவ்வளவு குரல் வேண்டுமோ அவ்வளவுதான் அவருக்குப் பழக்கம். மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள் மைக்குக்கு முன்னால் தங்கள் குரலை அடக்கக் கஷ்டப்பட்டபோது, சைகலுக்கு அடக்குவதற்கு எதுவுமே இருக்கவில்லை.

கல்கத்தாவில் பி.என். சர்க்கார் என்ற பொறியாளர் 1931இல் நியூ தியேட்டர்ஸைத் தொடங்கியிருந்தார். அங்கே இசைக்குப் பொறுப்பு ஆர்.சி. போரால். சைகலின் குரலைக் கேட்ட போரால் அவரை அழைத்து வந்து சேர்த்துக்கொண்டார். மாதச் சம்பளம் 200 ரூபாய். பங்கஜ் மல்லிக், கண்பார்வை இழந்த பாடகர் கே.சி. டே, பகாடி சன்யால் என்று பாட்டும் நடிப்பும் ஒன்றாகக் கலந்த ஒரு கூட்டமே அங்கே இருந்தது. ‘மொஹப்பத் கே ஆன்ஸு’, ‘சுபஹ் கா சிதாரா’, ‘ஜிந்தா லாஷ்’ என 1932இல் சைகலின் முதல் மூன்று படங்கள் வந்தன. மூன்றும் ஓடவில்லை.

1933இல் வந்த ‘பூரன் பகத்’ படத்தில் அவர் கதாநாயகன் அல்ல. சில பஜன்களை மட்டும் பாடிவிட்டுப் போகும் வேடம். ஜனங்கள் அந்தப் பஜன்களைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அதே ஆண்டு ‘யஹூதி கி லட்கி’ படத்தில் உருதுக் கவிஞர் காலிபின் கஜல் ஒன்றைப் பாடினார். பாட்டு திரையை முந்திக்கொண்டு ஓடத் தொடங்கியது.

கூம்பும் மைக்கும்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, அன்றைய ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்று பார்த்துவிடுவோம். சைகலின் கதைக்கு இதுதான் அஸ்திவாரம்.

இந்தியாவின் முதல் கிராமபோன் நட்சத்திரமான கௌஹர் ஜான் 1902இல் கல்கத்தாவில் பாடியது ஒரு பெரிய உலோகக் கூம்புக்குள். மின்சாரத்துக்கு அதில் வேலையே இல்லை. குரலின் அழுத்தம் மட்டுமே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீற வேண்டும். கூம்புக்குள் தலையை நுழைத்துக் கத்தாத குறையாகப் பாடினால்தான் பதியும். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனிக்குப் போய் அச்சாகி வர வேண்டும். அங்கே இருப்பவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. கத்தல், பெயர் அறிவிப்பு இரண்டும் கூம்புக் காலத்தின் அடையாளங்கள்.

1925க்குப் பிறகு மின்வழிப் பதிவு வந்தது. கூம்பு போய் மைக் வந்தது. மூச்சை இழுக்கும் சத்தமும், சொல்லின் கடைசியில் உதடு மூடும் சத்தமும்கூட இனிமேல் பதியும். இவ்வளவு நுட்பமான கருவி கைக்கு வந்த பிறகும், பாடுகிறவர்கள் பல காலம் கூம்புக்குப் பாடுவதைப் போலவே பாடிக்கொண்டிருந்தார்கள். தொண்டைக்கு ஏறிய பழக்கம் கருவி மாறினதும் மாறிவிடாது அல்லவா?

சைகலின் தட்டுகளை வெளியிட்டது ஹிந்துஸ்தான் ரெக்கார்ட்ஸ். கல்கத்தாவில் சண்டி சரண் சாகா 1932இல் தொடங்கிய இந்தியக் கம்பெனி. ரவீந்திரநாத் தாகூர் தொடக்க நாட்களிலேயே அங்கே வந்து தம் குரலைப் பதிந்து கொடுத்திருந்தார். சைகல் அங்கே பதிந்த முதல் பாடல்களில் ‘ஜூலனா ஜூலாவோ’ அவர் பெயரை வட இந்தியா முழுவதும் கொண்டுபோனது. முகம் தெரியாமலே குரல் பிரபலமான கதை அங்கே தொடங்குகிறது.

பத்து அங்குல அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிடம், மிஞ்சினால் மூன்றரை. படத்தில் ஐந்து நிமிடம் ஓடுகிற பாட்டு தட்டுக்கு வரும்போது மூன்று நிமிடத்துக்குச் சுருங்க வேண்டும். அந்தக் காலத்தில் படத்தின் ஒலித்தடத்தை அப்படியே தட்டில் ஏற்றும் வழக்கம் இல்லை. பாடியவர் ரெக்கார்டு கம்பெனிக்குப் போய் அதே பாட்டை மறுபடி பாடிக் கொடுப்பார். அதனால் கொட்டகையில் கேட்டதும் வீட்டில் கேட்டதும் பல நேரம் இரண்டு தனித்தனிப் பாட்டுகள். பாடி நடிப்பவருக்கு ஒரே பாட்டில் இரண்டு வேலை: ஒன்று, கேமராவுக்கு முன்னால் உடம்போடு, இன்னொன்று, உடம்பு இல்லாமல்.

இந்த இரண்டாவது வேலையில்தான் சைகல் தனித்து நின்றார். முகத்தைக் காட்டிச் சமாளிக்க முடியாத இடத்தில், முகத்தில் இருந்ததையெல்லாம் குரலுக்குள் கொண்டுவரக் கற்றுக்கொண்டார்.

1935: தேவதாஸ்

பி.சி. பரூவா இயக்கிய ‘தேவதாஸ்’ 1935இல் வந்தது. வங்காளியில் பரூவாவே தேவதாஸ். சைகலுக்கு அதில் சின்ன வேடம். இந்தியில் தேவதாஸ் சைகல். வங்காள நாவலாசிரியர் சரத் சந்திரரின் அந்தத் தோற்றுப்போன மனிதனுக்கு இந்தி பேசும் உலகம் முதன்முதலில் கேட்ட குரல் அவருடையதுதான். வசனமும் பாடல்களும் கேதார் சர்மா எழுதியவை, இசை திமிர் பரண்.

இந்த அத்தியாயத்துக்காக ‘பாலம் ஆயே பஸோ’ தட்டை மறுபடியும் சில முறை ஓடவிட்டுக் கேட்டேன். ஊசியின் இரைச்சல், மழை தூரத்தில் பெய்வதைப் போல. அதற்குள்ளிருந்து குரல் வருகிறது. முதல் சொல்லை அவர் எடுத்த எடுப்பில் பிடித்துக்கொள்வதில்லை. மூச்சு முதலில் வருகிறது, பின்னாலேயே சுரம் வருகிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறார். வரியின் கடைசியில் நம்மூர் மேடைப் பாடகர் ஒரு பிருகாவை உதறிக் கைதட்டல் வாங்குகிற இடம் ஒன்று இருக்கும். சைகல் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார். கேட்கிறவர் சற்று முன்னால் சாய வேண்டியிருக்கிறது. ஆயிரம் பேருக்குப் பாடுகிறவர் நம்மை நிமிர்ந்து உட்கார வைப்பார். இவர் சாய வைக்கிறார். தட்டு ஓடுகிற மூன்று நிமிடமும் அவருக்குக் கேட்பவர் ஒருவர்தான், அது நான்தான் என்று தோன்றிவிடுகிறது.

அதே 1935இல், அதே நியூ தியேட்டர்ஸில் இன்னொரு காரியமும் நடந்தது. நிதின் போஸ் இயக்கிய ‘தூப் சாவோன்’ படத்தில் (வங்காளியில் ‘பாக்ய சக்ரா’) பாட்டை முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொண்டு, படப்பிடிப்பில் அதற்கு வாயசைக்க வைத்தார்கள். பின்னணிப் பாடல் என்று இன்று நாம் சொல்வதற்கு இந்தியில் அதுதான் தொடக்கம். பாடுகிறவரும் நடிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்றே தளர்ந்தது. பாடி நடிப்பவர்களின் உச்சமும் அவர்களின் முடிவுக்கான விதையும் ஒரே ஆண்டில் ஒரே மதில் சுவருக்குள் பிறந்தன. இந்தத் தொடரில் நான் சொல்லவரும் சேதி ஏதாவது ஒன்று உண்டென்றால், அது இந்த 1935இல் அடங்கிவிடும்.

தெருவில் நடந்த பாட்டு

புதிய முறை கையில் இருந்தும் சைகல் அதற்கு இணங்காத ஒரு சந்தர்ப்பம் உண்டு. 1938இல் பணி மஜும்தார் இயக்கத்தில் வந்த ‘ஸ்ட்ரீட் சிங்கர்’. ஜோடி கானன் தேவி. அவரும் பாடி நடிப்பவர்தான். படத்தில் ‘பாபுல் மோரா’ என்ற தும்ரியைச் சைகல் பாட வேண்டும். முன்கூட்டிப் பதிந்துவிட்டு வாயசைப்பது சுலபம். ஆனால் அவர் கழுத்தில் ஆர்மோனியத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடந்தபடியே நேராகப் பாடினார். மைக்கும் வாத்தியக்காரர்களும் கேமராவின் கண்ணில் படாமல் கூடவே நகர்ந்தார்கள்.

நடக்கிறவனின் மூச்சு வேறு, நின்று பாடுகிறவனின் மூச்சு வேறு. அந்தக் காட்சியைப் பார்க்கிறவர்கள் கவனித்தால் தெரியும்: காலடியின் அசைவு குரலிலும் இருக்கிறது.

அந்தத் தும்ரிக்கு ஒரு பூர்வகதை உண்டு. எழுதியவர் அவத் நவாப் வாஜித் அலி ஷா. 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டு அவரை லக்னோவிலிருந்து வெளியேற்றியது. பிறந்த வீட்டை விட்டுப் போகும் மணப்பெண் தந்தையை நோக்கிப் புலம்புவது பாட்டின் வெளித்தோற்றம். ஊரை விட்டுப் போகும் மன்னனின் துக்கம் அதன் உள்ளே. நவாப் கடைசிவரை வாழ்ந்து 1887இல் இறந்தது கல்கத்தாவின் மட்டியாபுர்ஜில். ஊரை இழந்தவர் தன் பாட்டோடு கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். எண்பது ஆண்டு கழித்து, ஜம்முவிலிருந்து பிழைப்புத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்த ஒருவர் அதை அங்கேயே பாடினார். நம் சிந்து பைரவிக்கு நெருங்கிய சொந்தமான இந்துஸ்தானி பைரவியில் அமைந்த பாட்டு. அதற்குப் பிறகு எத்தனையோ மேதைகள் அதைப் பாடியிருக்கிறார்கள். ஆனாலும் ‘பாபுல் மோரா’ என்றால் இன்றைக்கும் முதலில் வந்து நிற்பது சைகலின் குரல்.

வங்காளி, தமிழ்

வங்காளி சைகலின் தாய்மொழி அல்ல. ‘தீதி’, ‘தேஷேர் மாட்டி’, ‘சாதி’ என்று வங்காளிப் படங்களிலும் அவர் நடித்துப் பாடினார். தம் பாடல்களை யார், எப்படிப் பாட வேண்டும் என்பதில் தாகூர் மிகவும் கண்டிப்பானவர். வங்காளி அல்லாத ஒருவர் ரவீந்திர சங்கீதத்தைப் பாட அவர் சம்மதம் கொடுத்தது சைகலுக்குத்தான் முதலில் என்று வங்காளிகள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

நமக்கும் அவரோடு ஒரு பந்தம் இருக்கிறது. நியூ தியேட்டர்ஸ் தேவதாஸைத் தமிழிலும் எடுத்தது. பி.வி. ராவ் இயக்கி, அவரே தேவதாஸாக நடித்தார். அதில் சைகல் இரண்டு தமிழ்ப் பாடல்களைப் பாடினார். அவர் பாடிய எல்லாவற்றிலும் தமிழ் இந்த இரண்டுதான். மொழி தெரியாத ஒருவர் வேற்று மொழிச் சொற்களை எழுதி வைத்துக்கொண்டு பாடுவது இன்று நமக்குப் பழகிப்போன விஷயம். வடக்கிலிருந்து வரும் எத்தனை குரல்களுக்கு நாம் இடம் கொடுத்திருக்கிறோம்! அந்த வரிசையின் தலைமாட்டில் சைகல் நிற்கிறார்.

தமிழ் ரசிகர் அந்தக் குரலை அன்று எப்படி வாங்கிக்கொண்டிருப்பார் என்று யோசிப்பதுண்டு. 1934இல் ‘பவளக்கொடி’ வந்துவிட்டது. தியாகராஜ பாகவதரின் கணீரென்ற மேல் ஸ்தாயி எல்லோர் காதிலும் ரீங்கரித்துக்கொண்டிருந்த நேரம். 1935இல் ‘நந்தனார்’ வேடத்தில் கே.பி. சுந்தராம்பாள், ஒரு லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு, மேடையின் வெண்கலக் குரலைத் திரைக்குக் கொண்டுவந்திருந்தார். நம்முடைய பாடி நடித்தவர்கள் மேடையின் பிள்ளைகள். மைக் அவர்களுக்கு இன்னொரு கொட்டகை. சைகல் மைக்கின் பிள்ளை. இரண்டில் எது உயர்வு என்று கேட்பதில் பொருளில்லை. பாகவதரின் குரலில் ஒரு கோபுரத்தின் உயரம் தெரிந்தது. சைகலின் குரலில் விளக்கு அணைத்த பிறகு பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரின் பேச்சு கேட்டது. மனிதருக்கு இரண்டும் வேண்டும்.

பம்பாய், கறுப்புக் கட்டை

1937இல் ‘பிரசிடென்ட்’, 1940இல் ‘ஜிந்தகி’ என்று கல்கத்தாவில் வரிசையாக வெற்றிகள். ‘ஜிந்தகி’யில் பங்கஜ் மல்லிக் இசையில் பாடிய தாலாட்டு, தலைமுறை தாண்டியும் வட இந்திய வீடுகளில் குழந்தைகளைத் தூங்க வைத்தது. 1941 கடைசியில் சைகல் பம்பாய்க்கு, சந்துலால் ஷாவின் ரஞ்சித் மூவிடோனுக்குப் போனார். 1942இல் ‘பக்த சூர்தாஸ்’. 1943இல் ‘தான்சேன்’, இசை கேம்சந்த் பிரகாஷ். இருட்டில் விளக்குகளைப் பாடி ஏற்றும் தான்சேனாக அவர் வந்த காட்சியை அந்தத் தலைமுறை மறக்கவே இல்லை.

பம்பாய்க் காலத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். குடி அவரைப் பிடித்துக்கொண்டது. குடித்தால்தான் தொண்டை திறக்கும் என்று நம்பினார். ஒவ்வொரு மடக்குக்கும் அவர் வைத்த பெயர் ‘காலி பாஞ்ச்’, அதாவது ஆர்மோனியத்தின் ஐந்தாம் கறுப்புக் கட்டை. சுருதி சேர்த்துக்கொள்கிறேன் என்பதுபோல அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பாராம்.

இசையமைப்பாளர் நௌஷாத் பிற்காலத்தில் இதைப் பற்றி வருத்தத்தோடு சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. 1946இல் ஏ.ஆர். கார்தாரின் ‘ஷாஜஹான்’ படத்துக்குப் பாட்டுப் பதிவு. குடிக்காமல் ஒரு முறை பாடிப் பாருங்கள் என்று நௌஷாத் மன்றாடினார். பாடினார். பிறகு குடித்துவிட்டும் பாடினார். இரண்டையும் போட்டுக் கேட்டபோது, குடிக்காமல் பாடியதுதான் நன்றாக இருக்கிறது என்று சைகலே ஒப்புக்கொண்டார். நௌஷாதைக் கொஞ்சம் முன்னாலேயே சந்தித்திருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கியதாகச் சொல்வார்கள். அதற்குள் ஈரல் கெட்டுப்போயிருந்தது. 1947 ஜனவரி 18ஆம் தேதி ஜலந்தரில் இறந்தார். நாற்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. சுரையாவோடு நடித்த ‘பர்வானா’ அவர் போன பிறகுதான் வெளிவந்தது.

‘ஷாஜஹான்’ தட்டு ஒன்றில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ‘ரூஹி ரூஹி’ என்று வரும் பாட்டின் முடிவில் கோரஸ் வருகிறது. அந்தக் கோரஸில் ஒரு குரல், அப்போது இன்னும் பெரிதாகப் பெயர் வாங்காத ஓர் இளைஞருடையது. முகமது ரஃபி. பாடி நடிப்பவர்களில் பெரியவர் முன்னால் நின்று பாடுகிறார். முகம் காட்டாமலே அடுத்த முப்பது ஆண்டுகளை ஆளப்போகிறவர் பின்னால் நின்று அவருக்குக் கோரஸ் பாடுகிறார்.

பத்து மணி நேரம்

இனி கணக்கைப் பார்ப்போம். பதினைந்து ஆண்டு வாழ்க்கையில் சைகல் நடித்த படங்கள் 36. பதிவான பாடல்கள் 185. அதில் 142 சினிமாப் பாட்டு: இந்தியில் 110, வங்காளியில் 30, தமிழில் 2. மீதி 43 சினிமாவுக்கு வெளியே: இந்தியிலும் உருதுவிலும் 37, வங்காளி, பஞ்சாபி, பாரசீகம் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு. சினிமாவுக்கு வெளியே பாடியவற்றில் காலிபும் ஜௌக்கும் எழுதிய கஜல்கள் முக்கியமானவை. வாத்தியங்கள் பெரும்பாலும் ஆர்மோனியமும் தபலாவும்தான். சைகலின் முழு உயரமும் இந்தக் கஜல்களில்தான் தெரிகிறது என்பது என் எண்ணம். அங்கே நடிக்கக் கதை இல்லை, வேடம் இல்லை, காட்சி இல்லை. ஈரடிக்கு ஈரடி பொருள் மாறும் கவிதை மட்டும் இருக்கிறது. அந்த மாற்றம் முழுவதையும் அவர் குரலிலேயே நடித்துக் காட்டினார்.

185 பாட்டு, தலைக்கு மூன்றேகால் நிமிடம். கூட்டினால் பத்து மணி நேரம். சென்னையில் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் பொழுது விடிந்து திருநெல்வேலியில் இறங்குவதற்குள் அவர் பாடியதையெல்லாம் ஏறக்குறையக் கேட்டு முடித்துவிடலாம். அவ்வளவு குறைவாகப் பாடியவர் அவ்வளவு பேரை ஆட்கொண்டார். முகேஷ் 1945இல் ‘பெஹலி நஜர்’ படத்தில் பாடிய பாட்டு சைகலின் அச்சாகவே இருந்தது. கிஷோர் குமார் கடைசிவரை அவரை மானசீக குருவாக வைத்திருந்தார். லதா மங்கேஷ்கர் பலமுறை சொன்ன ஒரு நிகழ்ச்சி: சம்பாதித்த பணத்தில் ஆசை ஆசையாக முதல் ரேடியோ வாங்கினார். போட்டதும் வந்த செய்தி, சைகல் மறைந்தார் என்பது. ரேடியோவைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முகேஷ், கிஷோர், லதா: மூன்று பேருமே பின்னணிப் பாடகர்கள் என்பதைக் கவனியுங்கள். சைகலின் வாரிசுகள் நடிகர்கள் அல்ல.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மேடைப் பாடகரின் பாட்டுக்குப் பாதி பலம் அவர் நிற்கும் நிலை, கண், கை, உடை. அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போக முடியாது. சைகல் நடிப்பு மொத்தத்தையும் குரலுக்குள் கொண்டுவந்துவிட்டார். குரலே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றான பிறகு, அந்தக் குரலை யார் முகத்தோடு வேண்டுமானாலும் பொருத்தலாம் என்ற துணிவு சினிமாவுக்கு வந்தது. பாடி நடித்தவர்களில் ஆகச் சிறந்தவர் வந்த வழியே, பாடுகிறவரும் நடிக்கிறவரும் பிரியும் வழியாகவும் ஆனது.

தேவதாஸே அதற்குச் சாட்சி. 1935இல் தேவதாஸின் முகமும் குரலும் சைகல். 1953இல் வேதாந்தம் ராகவையா தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த தேவதாஸில் முகம் நாகேஸ்வர ராவ், குரல் கண்டசாலா. நம் வீடுகளில் இன்றும் நிற்கும் தேவதாஸ் இவர்கள் இருவரும் சேர்ந்தவன்தான். 1955இல் இந்தியில் மறுபடி எடுத்தவர் பிமல் ராய். சைகலின் தேவதாஸுக்குக் கேமரா பிடித்த அதே பிமல் ராய். இம்முறை முகம் திலீப் குமார், குரல் தலத் மஹ்மூத். கதை ஒன்றுதான், மனிதன் ஒருவன்தான். இருபது ஆண்டுக்குள் அவனுக்கு இரண்டு உடம்பு தேவைப்பட்டது.

கடைசியாக ஒன்று. இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் காலை ஏழரைக்குப் பழைய படப் பாடல்கள் போடுவார்கள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் தெளிவாகக் கேட்கும். நிகழ்ச்சி முடிவதற்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, 7:57க்கு, தினமும் ஒரு சைகல் பாட்டு. பல பத்தாண்டுகள் இது தவறாமல் நடந்தது. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் எத்தனையோ வீடுகளில் கடிகாரத்தைச் சரிபார்த்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பினார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் சைகல் நடித்த ஒரு படத்தையும் பார்த்ததில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்றே பலருக்குத் தெரியாது. அவர்களுக்கு அது ஒரு குறையாகவும் படவில்லை. நடிகராகவும் இருந்த ஒருவர், எட்டு மணி அடிப்பதற்குள் அவர்கள் காதருகே வந்து வெறும் குரலாகப் பாடிவிட்டுப் போனார்.

(அடுத்த அத்தியாயத்தில் தமிழுக்குத் திரும்புகிறோம். 1938இல் மெய்யப்பச் செட்டியார் எடுத்த ‘நந்தகுமார்’ படத்தில் தேவகியாக நடித்தவர் வாயசைத்தார்; பாடியவர் லலிதா வெங்கட்ராமன். தமிழில் குரலும் முகமும் முதன்முதலாகப் பிரிந்த கதை.)